முதல் முறை விமானத்தில் போகிறீர்களா? செக்-இன் கவுன்டரைத் தாண்டும் வழி

டிக்கெட்டில் புறப்படும் நேரம் காலை 10 மணி என்று போட்டிருந்தால், அந்த 10 மணியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது செக்-இன் கவுன்டர் மூடுகிற நேரம். (அடையாளத்தைக் காட்டி, பெட்டியைக் கொடுத்து, விமானத்தில் ஏறுவதற்கான சீட்டான போர்டிங் பாஸை வாங்கும் இடம்தான் அது.) உள்நாட்டு விமானம் என்றால் புறப்படுவதற்கு 45 அல்லது 60 நிமிடம் முன்பு, வெளிநாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பு (சில நிறுவனங்கள் இன்னும் முன்பாகவே) கவுன்டரை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் வேலைக்கு ஆகாது. ஏனென்றால் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பெட்டி போகிறது என்ற கணக்கை அந்த நேரத்தில் முடித்தால்தான் விமானத்தின் மொத்த எடை, எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் என்பதையெல்லாம் கணக்கிட்டு விமானியிடம் தாளைக் கொடுக்க முடியும், பெட்டிகளையும் கீழே கொண்டுபோய் ஏற்ற முடியும். கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்த் தாவி ஏறும் பழக்கம் இருப்பவர்கள் முதல் பயணத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதனால் உள்நாட்டுப் பயணத்துக்கு 2 மணி நேரம், வெளிநாட்டுக்கு 3 மணி நேரம் முன்பே விமான நிலையத்துக்குள் இருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைச் சொல்லவில்லை, வாசலில் வண்டியை விட்டு இறங்கும் நேரத்தைச் சொல்கிறேன். ரொம்ப முன்னதாக, 6 மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தாலும் பெரிய லாபம் இல்லை, பல இடங்களில் கவுன்டரே சுமார் 3 மணி நேரம் முன்புதான் திறக்கும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

கவுன்டரில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டை ஒழுங்காகப் படித்திருந்தால் வந்திருக்காது. மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள்.

முதலில் தேதி. 15ஆம் தேதி 00:30 என்று போட்டிருந்தால் அது 15ஆம் தேதி ராத்திரி கிடையாது. 14ஆம் தேதி ராத்திரியே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் விமானம் போய்விடும். 15ஆம் தேதி சாயங்காலம் நிதானமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். நள்ளிரவை ஒட்டிய விமானமாக இருந்தால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதியையும் கிழமையையும் தனியாக ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊரின் நேரம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், இறங்கும் நேரம் என்றால் இறங்கும் ஊரின் நேரம்.

அப்புறம் பெயர். வெளிநாட்டுக்கு என்றால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, உள்நாட்டுக்கு என்றால் நீங்கள் காட்டப்போகும் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். கூப்பிடும் பெயர், சுருக்கிய பெயர், கல்யாணத்துக்குப் பிறகு மாறிய பெயர் எதுவும் செல்லாது. எழுத்து ஒன்று இடம் மாறியிருந்தால்கூட டிக்கெட் எடுத்த அன்றே நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்திவிடுங்கள், சின்னத் திருத்தத்தைப் பல நிறுவனங்கள் செய்து தருவார்கள், ஆனால் பயண நாள் அன்று கவுன்டரில் நின்று கேட்டால் அதே வேலை பெரிய வேலையாகிவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக, ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள், டிக்கெட் பதியும்போது அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று அந்த நிறுவனத்தையே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது. டிக்கெட்டில் உங்கள் பெயரின் வாலில் எம்ஆர், எம்எஸ் என்று இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பயப்படாதீர்கள், அது பிழை இல்லை, பழைய முன்பதிவுக் கணினிகள் அப்படித்தான் அச்சிடும்.

டெர்மினல், அதாவது விமான நிலையக் கட்டடத்தின் எண்ணைப் பாருங்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு டெர்மினலுக்கும் இன்னொன்றுக்கும் நடந்து போக முடியாத தூரம் இருக்கும். கூடவே, விமானத்தை உண்மையில் ஓட்டுவது எந்த நிறுவனம் என்றும் பாருங்கள். ஒரு நிறுவனம் டிக்கெட் விற்று, அதன் கூட்டாளி நிறுவனம் விமானத்தை இயக்குவது சர்வசாதாரணம். டிக்கெட்டில் ‘இயக்குவது’ என்று வேறு பெயர் சின்ன எழுத்தில் இருந்தால், பொதுவாக நீங்கள் போய் நிற்க வேண்டியது அந்த நிறுவனத்தின் கவுன்டரில், எடை விதிகளும் சில நேரம் அவர்களுடையதாக இருக்கும்.

டிக்கெட்டில் எழுத்தும் எண்ணும் கலந்து 6 இடத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதுதான் பிஎன்ஆர், உங்கள் முன்பதிவின் எண். 2008 ஜூனில் உலக விமான நிறுவனங்கள் மொத்தமாக மின்-டிக்கெட்டுக்கு மாறிவிட்டன, ஆகவே கையில் இருக்கும் அச்சுத்தாள் தொலைந்தாலும் டிக்கெட் தொலையாது, பிஎன்ஆர் தெரிந்தால் போதும். அதே காரணத்தால் அந்த எண் தெரிகிற மாதிரி படமெடுத்து எங்கேயும் போடாதீர்கள். பிஎன்ஆரும் குடும்பப்பெயரும் தெரிந்த யாரும் பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் பயணத்தைத் திறந்து பார்க்கலாம், இருக்கையை மாற்றலாம், ரத்துகூடச் செய்யலாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் இருந்தால் மட்டும் போதாது, பல நாடுகள் நீங்கள் அங்கே போன நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்கின்றன. விசா, திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட விவரம், சில நாடுகளுக்கு முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டிய நுழைவுப் படிவம் எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கும் ட்ரான்சிட் விசா தேவையா என்று பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் இறங்கும் நாட்டின் அதிகாரிதானே பார்ப்பார் என்று நினைக்க வேண்டாம், கவுன்டரிலேயே பார்ப்பார்கள். சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும், திருப்பி அழைத்து வருவதும் நிறுவனத்தின் பொறுப்பு. அதனால் அவர்கள் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் நாடு, போகும் நாடு எல்லாம் போட்டு விதியைச் சரிபார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் கொடுப்பார்கள்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நீண்ட தூரம் நடக்க முடியாத பெரியவர்கள் முதல் முறை தனியாகப் போகும்போது இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம், கவுன்டரிலிருந்து விமானக் கதவு வரை ஒருவர் கூடவே வருவார். கர்ப்பிணிகள் டாக்டர் கடிதம் எந்த வாரத்திலிருந்து தேவை என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் செக்-இன்

பல நிறுவனங்கள் 24 மணி நேரம் முன்பும், சில 48 மணி நேரம் முன்பும் தங்கள் தளத்திலும் செயலியிலும் செக்-இன்னைத் திறந்துவிடும். செய்துவிடுங்கள். பிஎன்ஆரும் குடும்பப்பெயரும் போட்டு, இருக்கையை உறுதிசெய்து, ஆபத்தான பொருள் எதுவும் கொண்டுவரவில்லை என்று ஒத்துக்கொண்டால் போர்டிங் பாஸ் போனுக்கே வந்துவிடும். காசு கொடுத்தால்தான் இருக்கை என்று திரை காட்டும்போது பதறி எதையும் அழுத்தாதீர்கள், ‘தவிர்’ என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும், அதை அழுத்தினால் கிடைக்கும் இருக்கையை இலவசமாக ஒதுக்குவார்கள். சில மலிவுக் கட்டண நிறுவனங்கள், இணையத்தில் செய்யாமல் விமான நிலையத்தில் வந்து செக்-இன் செய்தால் அதற்கே தனிக் கட்டணம் வாங்கும்.

இணையத்தில் முடித்துவிட்டாலும் பெட்டி இருந்தால் பெட்டியைக் கொடுக்கப் போகத்தான் வேண்டும், அதற்கும் அதே மூடும் நேரம்தான். வெளிநாட்டுப் பயணத்தில் ஆவணம் பார்க்க வேண்டியிருப்பதால் பாஸுக்குப் பதில் ‘கவுன்டருக்கு வரவும்’ என்று வருவதும் உண்டு. பாஸ் வந்துவிட்டால் அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இணையம் கிடைக்காமல் போகலாம். போன் பேட்டரியை நம்பாதவர்கள் ஒரு நகலை அச்சிட்டுக்கொள்ளலாம், நான் அச்சிடும் கட்சி.

எது பெட்டியில், எது கையில்

இரண்டு வகை லக்கேஜ். கவுன்டரில் கொடுத்துவிடுவது ஒன்று, கையோடு கேபினுக்குள் எடுத்துப்போவது இன்னொன்று. கைப்பைக்குப் பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ. கொடுக்கும் பெட்டிக்கு எவ்வளவு என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில டிக்கெட்டில் மொத்த எடை மட்டும் சொல்வார்கள், 30 கிலோ என்றால் அதை எத்தனை பெட்டியாகவும் பிரிக்கலாம், சில டிக்கெட்டில் பெட்டி எண்ணிக்கை சொல்வார்கள், ‘2 பெட்டி, தலா 23 கிலோ’ என்றால் ஒன்று 26, இன்னொன்று 20 என்று கொண்டுபோனால் 26 கிலோ பெட்டிக்குக் கூடுதல் கட்டணம். எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், அதைத் தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்கான வரம்பு அது. கூடுதல் எடை வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், கவுன்டரில் வாங்குவதைவிட அநேகமாக மலிவாக இருக்கும்.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பவர் பேங்க்கும் தனியாக உள்ள லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், கொடுக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் கேபினில் ஆட்கள் பார்த்து அணைப்பார்கள், கீழே சரக்கு அறையில் பெட்டிக்குள் பிடித்தால் யாருக்கும் தெரியாது. 100 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு, Wh) வரை சாதாரணமாக அனுமதி, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. உங்களுடையது எவ்வளவு என்று தெரியவில்லையா, பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000த்தால் வகுங்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. எழுத்து அழிந்துபோய் எதுவும் படிக்க முடியாத பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிட வாய்ப்பு உண்டு, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர் மாதிரி கூரானவை கொடுக்கும் பெட்டியில். திரவம், ஜெல், பேஸ்ட் எதுவானாலும் கைப்பையில் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் என்பது 2006இல் வந்த விதி, வெளிநாட்டுப் பயணங்களில் இன்னும் பெரும்பாலான இடங்களில் அதுதான் நடக்கிறது. புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்கள் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் திரும்பி வரும் ஊரிலும் தளர்த்தியிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 200 மில்லி பாட்டிலில் கொஞ்சூண்டு மீதி இருந்தாலும் விட மாட்டார்கள், அவர்கள் பார்ப்பது பாட்டிலின் அளவை.

மருந்து, மருந்துச் சீட்டு, பணம், நகை, சாவி, பாஸ்போர்ட், லேப்டாப், ஒரு மாற்றுடை. இவை ஒருபோதும் கொடுக்கும் பெட்டியில் போகக் கூடாது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால்கூட நீங்கள் சமாளிக்க வேண்டுமே.

கவுன்டரில் என்ன நடக்கும்

உள்ளே நுழைந்ததும் பெரிய திரையில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள். ஊரின் பெயரை மட்டும் பார்த்துப் போகாதீர்கள், ஒரே ஊருக்கு ஒரே நேரத்தில் இரண்டு விமானம் இருக்கலாம். அதற்கு நேராகக் கவுன்டர் எண்கள் இருக்கும். இணையத்தில் முடித்தவர்களுக்கு ‘பேக் டிராப்’ என்று தனி வரிசை இருக்கும், அது வேகமாக நகரும். வரிசை நீளமாக இருந்து, கவுன்டர் மூட அரை மணி நேரம்கூட இல்லை என்றால் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் விமான எண்ணைச் சொல்லுங்கள், முன்னால் அனுப்புவார். அந்த வேலைக்காகவே அங்கே ஆள் நிற்கிறார்.

உங்கள் முறை வந்ததும் பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ கொடுங்கள், பெட்டியைப் பக்கத்தில் உள்ள பெல்ட்டில் படுக்க வையுங்கள். எடை அங்கேயே தெரியும். பெட்டியை நீங்களே கட்டினீர்களா, வேறு யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா, பேட்டரி இருக்கிறதா என்று கேட்பார்கள். இது சம்பிரதாயக் கேள்வி இல்லை, உண்மையைச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் யாராவது, என் பெட்டியில் எடை கூடிவிட்டது, இந்தச் சின்னப் பையை மட்டும் உங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டால் முகத்துக்கு நேராக மறுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பிடிபட்டால் பை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வயதானவராக இருக்கிறாரே, பாவமாக இருக்கிறதே என்றெல்லாம் பார்க்க வேண்டாம்.

எடை கூடியிருந்தால், அங்கேயே ஓரமாக ஒதுங்கி ஒரு கிலோ இரண்டு கிலோவைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டு திரும்ப வரலாம், தவறே இல்லை, தினமும் பலர் செய்வதுதான். மாற்றும்போது பவர் பேங்க்கும் கத்தியும் இடம் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் நடப்பது அதுதான்.

பெட்டியின் பிடியில் ஒரு நீளமான தாளைச் சுற்றி ஒட்டுவார்கள். பெல்ட் நகர்வதற்கு முன்னால் அந்த டேகை ஒரு முறை படியுங்கள். பெரிய எழுத்தில் 3 எழுத்துக் குறியீடு இருக்கும், அது நீங்கள் போகும் விமான நிலையத்தின் குறியீடு. டிக்கெட்டில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பார்கோடுக்குப் பக்கத்தில் 10 இலக்க எண் இருக்கும், அந்தப் பத்து இலக்கத்தை வைத்துத்தான் உலகம் முழுக்க உங்கள் பெட்டியைத் தேடுவார்கள். அதே எண் உள்ள சின்னத் துண்டை உங்களிடம் கொடுப்பார்கள், போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியும் தருவார்கள். பெட்டி கைக்கு வரும்வரை அதைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் பழைய பயணத்தின் டேக் ஏதாவது ஒட்டியிருந்தால் முழுதாகக் கிழித்துவிடுங்கள், சின்ன பார்கோடு ஸ்டிக்கர் உட்பட, இல்லையென்றால் இயந்திரம் பழையதைப் படித்துக் குழம்பிவிடும்.

நடுவில் விமானம் மாறுகிறவர்கள் கவுன்டரில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: ‘பெட்டியை நான் எங்கே எடுக்க வேண்டும்?’ ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் கடைசி ஊருக்கே நேராகப் போய்விடும். தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட் என்றால் அநேகமாக நடுவில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து செக்-இன் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், பொதுவாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்துத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இறங்கிய ஊரில் பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்திருக்கிறது என்றால், அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் உதவி மேசையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். விமானப் பயணம் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதம் என்றால் 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை கையைவிட்டுப் போகலாம்.

போர்டிங் பாஸை வாங்கிய பிறகு

கையில் வாங்கியதும் பெயர், தேதி, விமான எண் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். இருக்கை 14ஏ என்றால் 14ஆவது வரிசை, ஏ ஜன்னல் பக்கம். கேட் (விமானத்துக்குள் ஏறப் போகும் வாசல்) எண் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம், பிறகு திரையில் போடுவார்கள், போட்ட எண்ணும் மாறலாம், அதனால் அரை மணிக்கு ஒரு தடவை திரையைப் பாருங்கள். பல விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கியில் கூப்பிடுவதே இல்லை. பாஸில் இருக்கும் போர்டிங் நேரம் என்பது ஏறத் தொடங்கும் நேரம். கேட் பெரும்பாலும் புறப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும்.

அடுத்து பாதுகாப்புச் சோதனை, வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்க்கும் இமிகிரேஷனும், இரண்டும் எந்த வரிசையில் வரும் என்பது விமான நிலையத்தைப் பொறுத்தது, அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் போனால் போதும். சோதனையில் லேப்டாப், திரவப் பை, பெல்ட், சில்லறை எல்லாம் ட்ரேயில். மறுபக்கம் வந்ததும் ட்ரேயைக் காலி செய்துவிட்டு அதன் அடியில் ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள், பாஸ்போர்ட்டும் போனும் அங்கேதான் விட்டுப்போகும்.

அதற்குப் பிறகு நேராக உங்கள் கேட்டுக்குப் போங்கள். கடை, காபி, கழிப்பறை எல்லாம் கேட் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. சில விமான நிலையங்களில் கேட்டுக்குப் போக நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏற வேண்டியிருக்கும், நடந்தே 20 நிமிடம் ஆகும் இடங்களும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்டுக்கு வராவிட்டால், ஆள் இல்லாத பெட்டியோடு விமானம் கிளம்பாது, தேடிப் பிடித்து இறக்கிவிட்டுத்தான் போவார்கள். போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்து போகும் விமானத்தைத் தவறவிட்டால், திரும்பி வரும் பயணத்தையும் பெரும்பாலும் தானாக ரத்து செய்துவிடுவார்கள், ஆகவே எப்போதாவது தவறவிட நேர்ந்தால் உடனே, அன்றைக்கே, நிறுவனத்தின் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள்.